மாரி என்றதும் மிளகாயை அள்ளியவர்கள்

தலைவர் நாற்காலியைக் காலியாக விட்டு மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, கடலாடி வட்டாரத்திலிருந்து வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் இருக்கும் இராமலட்சுமி மதினி அவர்களே, எல்லோருக்கும் பெரியபட்டினத்துச் சதக்கின் வணக்கமும் சலாமும்.

எங்கள் பேச்சாளர் மன்றத்தின் தலைவர், ‘சொல்மாரி’ கூத்தையா போய்விட்டார். அந்தப் பட்டத்தை இப்போது சொன்னதற்கே மனிதர் எழுந்து வந்து என்னை ஏசுவார். வந்து ஏசினால் நான் சந்தோஷப்பட மாட்டேனா!

பட்டம் பிடிக்காமல் போன கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு மாசிமாதம், ‘இன்று மாலை சந்தைத் திடலில் சொல்மாரி கூத்தையாவின் சொற்பொழிவு’ என்று ஆட்டோவில் மைக் கட்டி ஊர் ஊராகச் சொல்லிப் போனோம். எதிர்காற்று. களத்தில் மிளகாய் காயப்போட்டிருந்த பிச்சையம்மாள் அக்கா காதில் மாலையும் மாரியும் பொழிவும்தான் விழுந்தன. அடித்துப் பிடித்து மிளகாயை அள்ளிவிட்டார். தெருவே பார்த்து அள்ளியது. வானத்தில் பஞ்சளவு மேகம் இல்லை.

அக்கா நேரே மேடைக்கு வந்துவிட்டார். “ஏப்பா, மழைன்னு கத்திட்டுப் போனீகளே, எங்கப்பா மழை? வத்தல் பூராம் அரைக்காய்ச்சலாக் கெடக்கு.”

கூத்தையா அண்ணன் கோபப்பட்டாரா? பேச்சை நிறுத்தி, மன்னிப்புக் கேட்டார். மறுநாள் விடிந்ததும் களத்துக்குப் போய், தும்மித் தும்மி அத்தனை மிளகாயையும் பரப்பிக் கொடுத்தார். அடுத்த நோட்டீசில் ‘சொற்பொழிவு’ என்பதை அவரே அடித்துவிட்டு ‘உரை’ என்று எழுதினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “சொல் மழையாய்க் கொட்டுவதால்தானே அண்ணே அது சொற்பொழிவு? எத்தனை அழகான வார்த்தை! எங்கள் பள்ளிவாசலில் பயான் என்போம். அதில்கூட இந்த ஈரம் இல்லையே” என்று வாதாடினேன்.

“தம்பி சதக்கு, இது வானம் பாத்த பூமி. இங்கன பொழிவுன்னா சனம் அண்ணாந்துதான் பாக்கும், மேடையப் பாக்காது. உரைன்னே போடு. பொன்னை உரைச்சுப் பாக்கிற மாதிரி நம்ம பேச்சையும் உரைச்சுப் பாத்து எடுத்துக்கிறட்டும்” என்றார். அன்றோடு பட்டமும் போயிற்று. ஆனால் அவரைப் போல் பேச இந்தக் கரையில் யார் இருக்கிறார்கள்? யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் துக்க வீட்டிலேயே சிலர், கூத்தையா இல்லாத மன்றம் எதற்கு, மூடிவிடலாம் என்றார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அவர் இல்லாத மேடையில் ஏற எனக்குக் கால் வரவில்லை. அண்ணனின் மனைவி, நம் மதினிதான் அழுகையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். “அவுக சோறில்லாம இருந்துருவாக, பேச்சில்லாம இருக்க மாட்டாக. மேடையக் கழட்டிராதீக தம்பி.”

கழட்ட மாட்டோம் மதினி. கூத்தையாவின் மன்றம் மூடாது. வழக்கம்போல் மாதத்தின் முதல் சனிக்கிழமை, இதே திடலில் கூட்டம் நடக்கும். அவர் அளவுக்கு வராது. வருகிற அளவுக்குப் பேசுவோம், நீங்கள் உரைத்துப் பாருங்கள்.

பிச்சையம்மாள் அக்கா, அங்கே ஓரமாக நிற்கிறீர்கள், தெரிகிறது. சனிக்கிழமை காலையில் மைக் கட்டிய ஆட்டோ வரும். மிளகாய் கிடக்கட்டும் அக்கா. நீங்கள் மட்டும் வந்துவிடுங்கள்.