வருஷத்துல ஒரு நாள் பூட்டு

திருமதி டாகெட்டா? வருவாங்க, வருவாங்க, எங்க போயிடப் போறாங்க. உட்காருங்க தம்பி. இந்த மரக்கட்டை காஞ்சுதான் இருக்கு. இந்தப் பக்கம் வேணாம், அது நாயோட எடம். டேய் பிக்கிள், மோந்தது போதும், அவர் காலை விடு. புது பூட்ஸ் வாசனை அதுக்கு ஆகாது. குதிகால்ல கடைச் சீட்டு இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு பாருங்க. அட, இதுக்குப் போய் வெக்கப்படுறீங்களே! சேறே படாத பூட்ஸைப் பாத்தா எங்க ஊர்ல எல்லாருக்கும் ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

கேட்டு தொறந்து கெடக்கேன்னு பாக்குறீங்களா? ஆமா, பூட்டுற ஆளு இன்னும் வரலையே. மே மாசம் மொதல் செவ்வாக்கிழமை, நாள் பாத்துத்தான் வந்திருக்கீங்க. டீ? வேணாம்னு சொல்லாதீங்க, ஊத்திட்டேன். இஞ்சி கேக் எடுத்துக்குங்க. பாதிரியார் சம்சாரம் சுட்டது, பல்லைப் பத்திரமாப் பாத்துக்குங்க.

கொஞ்சம் மெதுவாப் பேசுங்க தம்பி. காட்டுக்குள்ள ஆள் இருக்காங்க. இல்ல இல்ல, சட்டமெல்லாம் ஒண்ணும் கெடையாது. இந்தக் கேட்டுக்கிட்ட வந்தாலே எங்க ஊர்க்காரங்களுக்குக் குரல் தானா எறங்கிடும். ட்ரெவர்னு ஒருத்தர் இருக்கார், சந்தைல மாடு ஏலம் விடுறவரு. அவர் இங்க பேசினா பக்கத்து ஊர்ல கேக்கும். அவரே உள்ள வந்தா பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி முணுமுணுப்பாரு.

பூ பாக்க வந்தேங்கிறீங்க. சரி. பூ பாக்க வர்றவங்க கைல இவ்வளவு பெரிய காயித உறை இருக்காதேன்னு பாத்தேன். எஸ்டேட்டுக்குத் தெரிஞ்சவரா? ஓ, அப்பிடிச் சொல்லுங்க. நான் ஒரு வார்த்தை கேக்கலையே. குடிங்க, ஆறிடும்.

டாகெட் எப்பிடிப்பட்டவங்கன்னா... என்னத்தச் சொல்ல. தங்கமான மனுஷி. வாய் கொஞ்சம் நீளம். ஆனா அழகு? அந்தக் காலத்துல நீங்க பாத்திருக்கணும். அறுவடைத் திருவிழா நடனத்துல அவளோட ஆடுறதுக்கு மூணு பேர் சண்டை போட்டு, ஒருத்தன் வாத்துக் குட்டைல விழுந்தான். அவனைத்தான் கட்டிக்கிட்டா. ஈரமா நின்னானாம், பாவமா இருந்துச்சாம்.

பூட்டுற கதை உங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தாலும் நான் சொல்றேன், எனக்குச் சொல்லப் பிடிக்கும். இந்தக் காடு ஹெஸ்கெத் பண்ணையாரோடது. போன நவம்பர்ல போயிட்டாரு, நல்ல சாவு. நம்ம நாட்டுச் சட்டம் இருக்கே, அது ஒரு வினோதம். தனியார் நெலத்துல ஜனங்க இருபது வருஷம் யாரும் தடுக்காம நடந்துட்டாங்கன்னா, அந்தத் தடம் ஊர்ப் பாதை ஆயிடும். அப்புறம் ராசாவே வந்தாலும் அடைக்க முடியாது. ஆனா வருஷத்துல ஒரே ஒரு நாள் கேட்டைப் பூட்டிட்டா போதும். மத்த நாள் நடந்தது எல்லாம் என் தயவுன்னு நெலத்துச் சொந்தக்காரர் சொல்லிக்கலாம், பாதை ஊருக்குப் போகாது.

மத்த எஸ்டேட்டுல என்ன பண்ணுவாங்க? பிப்ரவரி மழைல ஒரு நாள் பூட்டுவாங்க. அன்னிக்கு எவன் வரான்? எவன் பாக்குறான்? நம்ம பண்ணையார் விவரமானவரு. நீலப் பூ பூத்து ஊரே கெளம்பி வர்ற வாரத்துல பூட்டு, அப்பத்தான் வருஷம் பூரா மறக்காதுன்னாரு. கெட்டவர்னு சொல்ல மாட்டேன் தம்பி. மத்த நாளெல்லாம் நடந்துக்குங்க, ஒரு நாள் மட்டும் இது என்னோடதுன்னு நெனைச்சுக்குங்க. அவ்வளவுதான் அவர் எதிர்பாத்தது.

அப்புறம் அவருக்குக் கால் விழுந்துடுச்சு. வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம், சக்கர நாற்காலி இந்தச் சேத்துல வருமா? சங்கிலி, பூட்டு, சாவி எல்லாத்தையும் டாகெட் கைல குடுத்துட்டாரு. அந்த வேலைக்கு வருஷா வருஷம் கிறிஸ்மஸுக்கு ஒரு ஜோடி காட்டுக்கோழி அனுப்புவாரு. இறகோட. பிய்க்குறதுக்கே ஒரு நாள் போயிடும்.

இப்ப காடு அவரோட தம்பி மகனுக்கு வந்திருக்கு. லண்டன்காரராம். நான் பாத்ததில்ல, கேள்விதான். உள்ள மரக் குடிசைங்க கட்டி வாடகைக்கு விடப் போறாராம். ஒவ்வொரு குடிசைக்கும் வெளில ஒரு வெந்நீர்த் தொட்டியாம். நடுக்காட்டுல அம்மணமா வெந்நீர்ல உக்காந்துக்கிட்டு ஒயின் குடிப்பாங்களாம்! மேல இருக்குற மரங்கொத்தி என்ன நெனைக்கும்? பாத்து, பாத்து. கேக் தொண்டைல சிக்கிக்கிச்சா? நான்தான் சொன்னேனே. முதுகுல தட்டவா? டீ குடிங்க.

அதுக்காகப் பாதையை அடைக்கணுமாம். ஊராட்சிக்கு வக்கீல் காயிதம் வந்துச்சு. இந்தப் பாதை என்னிக்கும் ஊர்ப் பாதை ஆகல, வருஷா வருஷம் திருமதி பெரில் டாகெட் பூட்டியிருக்காங்க, அவங்களே சாட்சின்னு எழுதியிருந்துச்சு. அடுத்த மாசம் விசாரணை. அந்தக் காயிதத்தைப் படிச்ச அன்னிக்கு ஊராட்சிக் கூட்டத்துல எல்லாரும் கூரையைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நல்ல கூரைதான், ஆனா அவ்வளவு நேரம் பாக்குற அளவுக்கு இல்ல.

எந்திரிக்கிறீங்களா? டீ பாதி இருக்கே தம்பி. ஆங், உக்காந்துட்டீங்க. நம்ம ஆளுங்களோட பலவீனமே இதுதான். ஊத்திக் குடுத்த டீயைப் பாதில வச்சிட்டுக் கெளம்ப வராது. வீடு தீப்பிடிச்சாலும் கோப்பையைக் கழுவி வச்சிட்டுத்தான் ஓடுவாங்க.

வாங்க ட்ரெவர். ஆமா, நல்ல வெயிலு. பூ எப்பிடி? அந்த ஓக் மரத்துக்குக் கீழயா? சரி சரி, பாக்குறேன். இவரா? பூ பாக்க வந்தவரு. சரி, போயிட்டு வாங்க.

கேட்டுடிச்சா? என் பேரைச் சொல்லிட்டுப் போறாரு பாருங்க. உலகத்துல இல்லாத மெதுவாத்தான் சொன்னாரு, ஆனாலும் சொல்லிட்டாரு. ஆமா தம்பி, நான்தான் பெரில் டாகெட். அழகைப் பத்திச் சொன்னதுல மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். வாத்துக் குட்டை நெசம்.

கோவிச்சுக்காதீங்க. நீங்களும் எஸ்டேட்டுக்குத் தெரிஞ்சவர்னுதானே சொன்னீங்க? பண்ணையாரோட, அதான் உங்க பெரியப்பாவோட காது அப்பிடியே உங்களுக்கு வந்திருக்கு. நாப்பது வருஷமா சர்ச்சுல அந்தக் காதுக்குப் பின்வரிசைல உக்காந்து பாட்டுப் பாடியிருக்கேன், எனக்குத் தெரியாதா? நீங்க ஒரு பொய், நான் ஒரு பொய். சரிக்குச் சரியாப் போச்சு. வெந்நீர்த் தொட்டியைப் பத்தி நான் சொன்னதை மட்டும் மறந்துடுங்க. இல்ல, வேணாம், மறக்க வேணாம்.

எங்க, அந்த உறையைக் குடுங்க. கண்ணாடி எங்க வச்சேன்... தலை மேலயே இருக்கு. ம்ம். பெரில் டாகெட் ஆகிய நான், ஒவ்வொரு ஆண்டும் மே மாதம் முதல் செவ்வாய்க்கிழமையன்று மேற்படி கேட்டைப் பூட்டினேன் என்று இதன்மூலம் உறுதி கூறுகிறேன். அழகா அச்சடிச்சிருக்கீங்க. பேனாவா? உள்ள வையுங்க தம்பி. அவசரம் இல்ல.

எனக்கு ஒரு பொண்ணு இருக்கா, ஜில்லியன். கல்யாணம் ஆகி ரெண்டே வருஷத்துல அவ புருஷன் கார் விபத்துல போயிட்டான். எங்க வீட்டுக்கு வந்து மாடி அறைல படுத்தவதான். எட்டு மாசம் வாசப்படி தாண்டல. சாப்பாட்டுத் தட்டை மேல கொண்டு போவேன், அப்பிடியே கீழ கொண்டு வருவேன். அவளும் போயிடுவாளோன்னு தெனம் தெனம் பயந்து செத்தேன் தம்பி.

அப்பத்தான் பண்ணையார் சாவியைக் குடுத்தாரு. மொத வருஷம், மொத செவ்வாக்கிழமை. பொழுது விடியிறப்பவே சங்கிலியைத் தூக்கிக்கிட்டு வந்தேன். நல்ல கனம் அது. கம்பியில ஒரு சுத்து சுத்திட்டேன், இன்னொரு சுத்துக்குக் கையைத் தூக்குறேன், பின்னாடி யாரோ வர்ற சத்தம். திரும்பிப் பாத்தா ஜில்லியன். ராத்திரிச் சட்டையோட, வீட்டுச் செருப்போட, பனில நனைஞ்சு நிக்கிறா. அம்மா, பூ பூத்திருச்சாங்கிறா.

நீங்களா இருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? இன்னிக்கு லீவு, நாளைக்கு வாடின்னா? நாளைக்கு அவ எந்திரிச்சிருப்பாளா? சங்கிலியை உருவி கோட்டுக்குள்ள திணிச்சேன். பூத்திருச்சுடி, வான்னேன். உள்ள போனோம். காட்டுப் பூண்டு வாசனை, அங்கங்க ஒரு குருவி, கீழ அந்த நீலம். பாதி தூரத்துல அவ செருப்பு ஒண்ணு சேத்துல மாட்டிக்கிச்சு. இழுக்குறா, இழுக்குறா, வரல. திடீர்னு சிரிச்சுட்டா. எட்டு மாசத்துக்கப்புறம் என் பொண்ணு சிரிச்சா தம்பி. நான் அந்த ஓக் மரத்தைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு ஓன்னு அழுதேன். காட்டுக்குள்ள நான் சத்தம் போட்டது அன்னிக்கு ஒரு நாள்தான்.

இப்ப நல்லாருக்கா. லீட்ஸ்ல ரெண்டு பசங்களோட இருக்கா. ரெண்டும் வால் இல்லாத கொரங்கு.

அந்த ஒரு வருஷம் பூட்டாதது போகட்டும்னு கணக்குல விட்டா என்னவாம், அப்பிடித்தானே கேக்குறீங்க? விடலாம். மறு வருஷமும் சங்கிலியை எடுத்துக்கிட்டுத்தான் வந்தேன். பாத்தா உள்ள போறதுக்கு வேற யாரோ நிக்கிறாங்க. அவங்க மொகத்தைப் பாத்தேன். ஒவ்வொருத்தரும் எதைத் தூக்கிக்கிட்டு உள்ள போறாங்கன்னு நமக்கென்ன தெரியும்? எனக்குக் கை வரல. அதுக்கடுத்த வருஷமும் வரல. அப்புறம் சங்கிலியைத் தூக்குறதையே விட்டுட்டேன். தோட்டக் கொட்டாயில துரு ஏறிக் கெடக்கு. வேணும்னா காட்டுறேன்.

ஊருக்கா? ஊருக்கே தெரியும். அதான் கூரையைப் பாத்தாங்க. பண்ணையாருக்குத் தெரியுமான்னு எனக்குத் தெரியாது. கேக்கல, சொல்லல. கோழி மட்டும் தவறாம வந்துச்சு. உப்பிட்டவரை உள்ளளவும் நினைம்பாங்க. நெனைச்சேன். நெனைச்சுக்கிட்டேதான் தின்னேன். அதுதான் இன்னிக்கும் உறுத்துது. விசாரணைல அத்தனை பேர் முன்னாடி, பெரில் டாகெட் கோழியைத் தின்னுட்டு வேலையைச் செய்யலன்னு நானே சொல்லணும். ஒரு மாசமா சரியாத் தூக்கம் இல்ல. ஆனா உங்க முதுகுக்குப் பின்னாடி அதைச் சொல்ல மனசு ஒப்பல. நீங்க இன்னிக்கு வருவீங்கன்னு நெனைச்சுத்தான் காலைல ஏழு மணிலேருந்து இங்க உக்காந்திருக்கேன்.

நான் பூட்டாம விட்டு, போன வருஷத்தோட இருபது வருஷம் முடிஞ்சுது தம்பி. இது இருபத்தொண்ணு.

டீ முடிச்சுட்டீங்களா? கோப்பையைக் குடுங்க. காயிதத்தை வச்சுக்குங்க, பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு, எதுக்காவது உதவும். காடு உங்களுதுதான், அதுல ஒரு பேச்சும் இல்ல. பாதை ஊரோடது. இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, உள்ள போய் ஒரு நடை நடந்துட்டு வாங்க. தடத்தை விட்டு எறங்காதீங்க, பூ மிதிபடும். கேட்டைச் சாத்திட்டுப் போங்க, செம்மறியாடு பூந்துடும்.

பூட்ட வேணாம். சாத்தினாப் போதும்.