கருக்காத எண்ணெய்

— அவசரப்படாதே மச்சான், வெயில்ல பிடிச்சுக் காட்டறேன். நல்லாக் கண்ணைத் திறந்து பாரு. எண்ணெய் அளவு பார்க்கிற இந்தக் கம்பியில ஒட்டியிருக்கிற எண்ணெய் என்ன நிறம்?

— மஞ்சள்தான், அத்தான்.

— மஞ்சளா? தங்கம்யா. டின்னை உடைச்சு ஊத்தின அன்னிக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு. காலையில உங்க அக்கா இன்ஜின்ல இருந்து உருவி எடுத்துட்டு வந்து என் கையில குடுத்தா. இப்ப நீ சொல்லு. நான் இன்ஜினுக்குப் பூட்டுப் போடறதுக்கு முன்னாடி இதே கம்பி எப்படி வரும்?

— கருப்பா வரும்.

— ஊத்தி எத்தனை நாள்ல?

— ஒரு நாள், ரெண்டு நாள்ல.

— நானே புது எண்ணெய் ஊத்திப் பூட்டுப் போட்டு ரெண்டு வாரம் ஆச்சு. தினம் மூணு தடவை தீவுக்குப் போயிட்டு வருது படகு. எண்ணெய் கருக்கல. பூட்டு இல்லாதப்ப கருப்பு, பூட்டு இருக்கிறப்ப தங்கம். இதுக்கு மேல எனக்கு ஒருத்தன் பாடம் எடுக்கணுமா?

— அத்தான், நீங்க நினைக்கிறது...

— நான் நினைக்கல, பார்த்துட்டேன். நல்ல எண்ணெயை உறிஞ்சி வெளியில வித்திருக்கே. லாரி ஷெட்டுல கழிச்சு ஊத்தின பழசை வாங்கி என் இன்ஜின்ல ஊத்தியிருக்கே. உன் துணிமணியை எடுத்துக்கிட்டு இறங்கு. இந்த ட்ரிப்புக்கு வேற டிரைவர் வரான்.

— நான் ஒரு சொட்டு எடுத்ததில்ல.

— நம்பிட்டேன்.

— அந்தக் கம்பியை இப்படிக் குடுங்க. விரல்ல தேய்ச்சுப் பார்த்துட்டுத் தரேன்.

— தொடாதே. நீ தொட்டா கருத்துடும்.

— சரி, தொடல. தூரத்துல நின்னே சொல்றேன். நீங்க என்னை அனுப்பறது அப்புறம். முதல்ல இந்தப் படகை எடுக்காதீங்க.

— ஏன், நீ இல்லாம என் படகு மூழ்கிடுமா?

— ரெண்டு வாரம் ஓடின டீசல் இன்ஜின்ல எண்ணெய் இப்படி இருக்கவே கூடாது, அத்தான். உள்ள டீசல் எரியுது. எரிஞ்சா கரி வரும். அந்தக் கரியைப் பிடிச்சு எடுத்துக்கிட்டு வர்றதுதான் எண்ணெயோட வேலை. வேலை செஞ்ச எண்ணெய் கருத்துத்தான் வரணும்.

— அடேங்கப்பா.

— நீங்க ஊத்தினது அழுக்கை எடுக்கல. அப்ப அழுக்கெல்லாம் எங்க போச்சு? பிஸ்டன்ல, வளையத்துல, எண்ணெய் போற ஓட்டையிலன்னு உள்ளயே அப்பிக்கிட்டு இருக்கு. வளையம் ஒட்டிக்கிச்சுன்னா நடுக்கடல்ல நின்னுடும்.

— ஆக, அழுக்கா இருந்தா நல்ல எண்ணெய். சுத்தமா இருந்தா கெட்ட எண்ணெய்.

— ஆமா.

— அப்ப உன்னை மாதிரி குளிக்காம திரியறவன்தான் நல்லவன். தினம் குளிக்கிற நான் கெட்டவன்.

— துணி ஊற வச்ச தண்ணியைப் பாருங்க. கலங்கலா இருந்தா சோப்பு கெட்டதுன்னு சொல்லுவீங்களா? தண்ணி பளிங்கு மாதிரி இருந்தாத்தானே சோப்புக்காரனைப் போய் சட்டையைப் பிடிக்கணும்?

— நான் இன்ஜின் வச்சிருக்கேன்யா, துணி வெளுக்கல. நீ பேசற பேச்சுக்கு வக்கீலாப் போயிருக்கணும். எண்ணெய்ல கை வச்சிருக்க வேண்டாம்.

— இதை எங்க வாங்கினீங்கன்னாவது சொல்லுங்க.

— உனக்கு எதுக்கு? போய் அந்தக் கடைக்காரனையும் உன் கூட்டாளி ஆக்கிக்கவா?

— எப்படிப் பார்த்து வாங்கினீங்க?

— எப்படிப் பார்க்கணுமோ அப்படி. நாலு டின்னைத் திறக்கச் சொன்னேன். விரலை விட்டேன், தேய்ச்சேன், மோந்தேன், வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன். எது பளபளன்னு இருந்துச்சோ அதை எடுத்தேன்.

— புது டின்ல எல்லா எண்ணெயும் பளபளன்னுதான் இருக்கும், அத்தான். டின் மேல என்ன போட்டிருந்துச்சு?

— கப்பல் படம்.

— படத்தை விடுங்க. குழந்தை படம் போட்ட பவுடர் டப்பாவுல குழந்தையா இருக்கு? எழுத்து என்ன, நம்பர் என்ன?

— நாப்பதுன்னு ஒரு நம்பர் போட்டிருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல பொடி எழுத்தா ஏகப்பட்டது. பொடி எழுத்துல எழுதறவன் எவனும் உண்மையை எழுத மாட்டான்.

— நாப்பதுன்னா கனம் சரியா இருக்கு, நம்ம இன்ஜினுக்கு அதுதான். ஆனா கனம் மட்டும் பார்த்தா ஆச்சா? நம்ம துறையில விக்கிற டீசல்ல கந்தகம் ஜாஸ்தி. அது எரிஞ்சா உள்ள ஆசிட் மாதிரி ஆயிடும். அதை அடக்கறதுக்கு எண்ணெய்ல மருந்து கலந்திருக்கணும். எவ்வளவுன்னு அந்தப் பொடி எழுத்துலதான் போட்டிருப்பான்.

— எண்ணெய்க்கு மருந்தா? ஊசி போடற டாக்டர் யாரு, நீயா?

— சிரிங்க. மருந்து கம்மியா இருந்தா இரும்பை அரிக்கும். நல்லதுன்னு ஜாஸ்தியா போட்டாலும் பிஸ்டன் தலையில சுண்ணாம்பு மாதிரி காய்ஞ்சு நிக்கும். டீசலைப் பார்த்துத்தான் எண்ணெய் வாங்கணும். நான் வாங்கற கடையில போன மாசம் டீசல் மாறினப்போ அவங்களே கூப்பிட்டு எண்ணெயை மாத்திக்கச் சொன்னாங்க.

— மாத்தச் சொல்லாம? விக்கிறவன் வேற என்ன சொல்லுவான், வேணாம் வீட்டுக்குப் போன்னா? உனக்கு அந்தக் கடையில கமிஷன். அது எனக்கு என்னைக்கோ தெரியும்.

— ஒண்ணே ஒண்ணுதான் எனக்கும் புரியல.

— அப்பாடா, உனக்கே புரியாதது ஒண்ணு இருக்கா?

— பிரஷர் முள்ளு நிக்க வேண்டிய இடத்துல நிக்குது. புகை இல்ல. சத்தம் சுத்தமா இருக்கு. மருந்தில்லாத எண்ணெய்ல ஓடற இன்ஜின் இவ்வளவு நல்லா ஓடக் கூடாது. அதான் எனக்குப் பயமா இருக்கு.

— இன்ஜின் நல்லா ஓடினா உனக்குப் பயமா? உங்க குடும்பத்துக்கே இந்த வியாதி உண்டு. கல்யாணமான புதுசுல நான் சிரிச்சா உங்க அக்கா ஜுரமான்னு நெத்தியைத் தொட்டுப் பார்ப்பா.

— ஏங்க, அங்க என்னைப் பத்தி என்ன ஓடுது? வரிசையில நிக்கிறவங்க டிக்கெட் ஜன்னலைத் தட்டித் தட்டி என் காதே போச்சு. படகு எப்ப எடுக்கறீங்க?

— வாம்மா வா. உன் தம்பி இறங்கின உடனே எடுத்துடலாம்.

— அவன் எங்க இறங்கறான்?

— வேலையை விட்டு இறங்கறான்.

— என்னங்க விளையாடறீங்க? கம்பி நல்லாத்தானே இருக்கு? மஞ்சளாத்தானே கொண்டாந்து குடுத்தேன்?

— மஞ்சளா இருக்கு. அதனாலதான் அனுப்பறேன்.

— இன்னொரு தடவை கருத்துச்சுன்னா இவனை அனுப்பிடுவேன்னுதானே வீட்டுல நின்னு கத்துனீங்க? பக்கத்து வீட்டுக்காரங்க ஜன்னலைச் சாத்தற அளவுக்கு?

— கத்தினேன். கருத்தா அனுப்புவேன்னுதான் கத்தினேன். கருக்கலைன்னா வச்சுக்குவேன்னு கத்தினேனா?

— இது என்னங்க நியாயம்?

— அது பூட்டு வாங்கறதுக்கு முன்னாடி, கோவத்துல சொன்னது. பூட்டு வாங்கப் போற வழியில நடந்துக்கிட்டே யோசிச்சேன். இவனுக்குத் தெரியாம யாரும் எடுக்க முடியாது. பூட்டினா எவன் கையும் உள்ள போக முடியாது. அப்ப எண்ணெய் கருக்காம இருந்தா, இத்தனை நாளாக் கருக்க வச்சது இவன் கைதானே?

— யோசிச்சதை என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?

— யோசிக்கிறதையெல்லாம் வெளியில சொல்லிட்டா அப்புறம் அது யோசனையா? நீ அவன்கிட்ட சொல்லுவே. அவன் உஷாராயிடுவான்.

— கட்டினவகிட்டகூடச் சொல்லல.

— கட்டினவகிட்ட சாவியைக் குடுத்தேன்ல? அதைவிட என்ன வேணும்? மூடி, கம்பி, கீழ இருக்கிற திருகு, மூணுக்கும் சேர்த்துச் சங்கிலி போட்டு, எனக்கு முட்டி மடங்காதுன்னு உன்னைத்தானே தினம் கீழ இறக்கி விட்டேன்?

— அக்கா, நீ ஏன் உட்கார்ந்துட்டே? நீ கவலைப்படாதே. எனக்கு எங்கயாவது வேலை கிடைக்கும்.

— உனக்கு எவன்டா குடுப்பான்? எண்ணெய் திருடினான்னு சொந்த அத்தானே விரட்டி விட்டாருன்னு சாயந்திரத்துக்குள்ள துறை பூராப் பேசிடுவாங்க. கயிறு கட்டறதுக்குக்கூட உன்னை ஏத்த மாட்டாங்க.

— பாரு, உங்க அக்காவுக்கு உலகம் தெரிஞ்சிருக்கு.

— அத்தான், ஒண்ணு கேக்கறேன். நேரா பதில் சொல்லுங்க. பூட்டுப் போட்டும் எண்ணெய் கருத்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?

— கருக்கலையே.

— கருத்திருந்தா?

— கருத்திருந்தா உன் கால்ல விழுந்திருப்பேன். விளையாட்டுக்குச் சொல்லல. நான் வாங்கின எண்ணெய், நான் போட்ட பூட்டு, சாவி இவகிட்ட. அதுக்கப்புறமும் கருத்துச்சுன்னா எண்ணெயோட குணமே அதுதான், என் மச்சான் யோக்கியன்னு வரிசையில நிக்கிற அத்தனை பேர் முன்னாடியும் சொல்லியிருப்பேன். நான் சந்தேகப்படறவன்தான். அநியாயம் பண்றவன் இல்ல.

— அய்யோ.

— என்னம்மா அய்யோ? வெயில் ஒத்துக்கலையா? அந்த நிழல்ல நகர்ந்து உட்காரு.

— இல்லங்க. ஒருவேளை... கம்பியில மஞ்சளா இருந்தாலும் உள்ள கருப்பா இருக்குமோ?

— உள்ள ஒண்ணு, வெளியில ஒண்ணு இருக்க இது என்ன உங்க பெரியப்பாவா? உள்ள இருக்கிறதுதான் கம்பியில வரும். கம்பி பொய் சொல்லுமா?

— கம்பி சொல்லாதுங்க.

— அவ்வளவுதான். மச்சான், கிளம்பு.

— கிளம்பறேன். ஆனா நேரா துறைமுக ஆபீசுக்குத்தான் போவேன்.

— எதுக்கு, என் மேல புகார் குடுக்கவா?

— படகை நிறுத்தச் சொல்லப் போறேன். இன்ஜினை முழுசாப் பிரிச்சு, பிஸ்டனை வெளியில எடுத்துச் சுரண்டற வரைக்கும் ஆள் ஏத்தக் கூடாதுன்னு சொல்லப் போறேன். அங்க இருக்கிற என்ஜினியருக்குத் தெரியும், ரெண்டு வாரத்துக்குத் தங்கமா இருக்கிற எண்ணெய்னா என்ன அர்த்தம்னு. நீங்க வெயில்ல தூக்கிப் பிடிச்சிருக்கீங்களே, அதே கம்பியை அவர்கிட்ட காட்டுங்க, போதும்.

— பிரிச்சுக் கோக்க எவ்வளவு நாள் ஆகும்னு தெரியுமாடா உனக்கு? தீவுக்கு இந்த வாரம்தான் கூட்டமே.

— தெரியும். எல்லாரும் கடலுக்குள்ள நின்னுக்கிட்டுக் கையை ஆட்டறதுக்கு, நீங்க கரையில நின்னுக்கிட்டுத் திட்டறது மேல்.

— மிரட்டறியா?

— மிரட்டல. என்னைத் திருடன்னு சொல்லிட்டீங்க, சரி. கீழ ஓடறது நான் துடைச்சு வச்ச இன்ஜின். அதைக் கொன்னுட்டு மேல ஆளை ஏத்தறதைப் பார்த்துட்டு நான் பெட்டியைத் தூக்கிட்டுப் போக மாட்டேன்.

— போ. போய்ச் சொல்லு. என்ஜினியரை இங்கயே கூட்டிட்டு வா, இந்தத் தங்கத்தை அந்த ஆளும் பார்க்கட்டும். வரிசையில நிக்கிறவங்களும் பார்க்கட்டும். எண்ணெய்க்காரன் பொய் சொல்லுவான், டின் பொய் சொல்லும், மச்சான் வாயைத் திறந்தாலே பொய் சொல்லுவான். நான் இந்த உலகத்துல நம்பறது ஒரே ஒரு ஆளைத்தான். இந்தக் கம்பியை அந்த ஆள் கையில இருந்து வாங்கினேன். எனக்கு அது போதும்.

— டேய் தம்பி, நில்லு. நீங்களும் அதை வெயில்ல ஆட்டறதை நிறுத்துங்க. நீங்க பூட்டின மறுநாள் காலையிலயே உள்ள எண்ணெய் மை மாதிரி கருத்துப் போச்சு. கருத்தா இவனை அனுப்பிடுவேன்னு கத்துனீங்களேங்கிற பயத்துல, நான்தான் தினமும் கம்பியை என் சேலைத் தலைப்புல துடைச்சுட்டு, டிக்கெட் ரூம்ல மிச்சம் இருந்த புது டின்ல முக்கி எடுத்துட்டு வந்து உங்க கையில குடுத்தேன்.