பக்கத்து நாற்காலிக்கு வந்த சேதி

— கம்பெனியில அனுப்பினாங்களா தாயி உன்னை?

— இல்லைங்கம்மா. போகாதேன்னுதான் சொன்னாங்க. நானாத்தான் ஸ்ரீரங்கத்துல பஸ் ஏறி வந்தேன். சுபஸ்ரீன்னு பேரு. ஆஸ்பத்திரியில இருந்து உங்க செல்லுக்குச் சேதி அனுப்புற புரோகிராம் நான் எழுதினது.

— ‘உங்க நோயாளி கண்ணு முழிச்சிட்டார்’னு பேரில்லாம வந்துச்சே, அதுவா?

— அதுதாம்மா.

— எங்க வீட்டுக்காரரு முழிக்கவே இல்ல. எப்படி மாறுச்சுன்னு இதுவரைக்கும் ஒருத்தரும் சொல்லல. நீயாவது சொல்லு.

— ஒவ்வொரு செல்லோட கனெக்‌ஷனுக்கும் கம்ப்யூட்டர் ஒரு நம்பர் வைக்கும்மா. கனெக்‌ஷன் அறுந்தா, அதே நம்பரை அடுத்து வர்றவங்களுக்குக் குடுத்துடும். அன்னைக்கு வேற ஒருத்தரோட செல்லுல சிக்னல் போச்சு. அவங்க நம்பர் உங்களுக்கு வந்துடுச்சு. என் புரோகிராம்ல ஒரு மூலை மட்டும் அது தெரியாம, பழைய ஆளுன்னே நெனச்சு அவங்க சேதிய உங்களுக்கு அனுப்பிடுச்சு.

— காலி பண்ணிட்டுப் போனவங்க தபாலை, புதுசா குடிவந்தவங்க வீட்டுல போட்ட மாதிரி.

— ஆமாம்மா. இனிமே நடக்காது. கனெக்‌ஷன் போன நிமிஷமே அந்தப் பழைய நம்பர் எங்கயுமே செல்லாது. யாருக்குன்னு சரிபார்க்காம ஒரு எழுத்துகூடப் போகாது.

— நல்லது. வையம்பட்டி சொந்தக்காரங்க வரைக்கும் போன் போட்டு, எங்க வீட்டுக்காரரு மருதை எந்திரிச்சிட்டாருன்னு நானே சொன்னேன் தாயி. அப்புறம் போயிட்டாருன்னு ஒவ்வொருத்தருக்கா நானே மாத்திச் சொன்னேன். அதுதான் தாங்கல.

— என்னை நாலு வார்த்தை திட்டிடுங்கம்மா.

— திட்டணும்னுதான் இருந்தேன். சாப்பிடாம வந்திருக்கே, மூஞ்சியே சொல்லுது.

— இன்னொரு வீட்டுக்கும் போகணும்மா, பாலக்கரையில. அந்தச் சேதி அவங்களுக்கு வரவேண்டியது. புருஷன் முழிச்சது தெரியாம சாயங்காலம் வரைக்கும் வார்டுக்கு வெளியில நாற்காலியில உக்காந்திருந்தாங்களாம்.

— என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா.

— உங்களுக்கு அவங்களைத் தெரியுமா?

— அன்னைக்குத்தான் பழக்கம். கண்ணாடிய நான் வீட்டுலயே விட்டுட்டேன். செல்லை வாங்கிப் படிச்சுச் சொன்னதே அவதான். ‘அல்லா கண்ணத் தொறந்துட்டான்க்கா’ன்னு என்னைக் கட்டிப்பிடிச்சு அப்படி அழுதா.

— அவங்களேவா படிச்சாங்க?

— பாலக்கரைக்கெல்லாம் நீ அலைய வேணாம், உக்காரு. ஜெஸிமா, டீயை எடுத்துக்கிட்டு இப்படி வாம்மா! உன் சேதிய எனக்கு அனுப்புன பொண்ணு வந்திருக்கு.