கல்வீட்டுக்கு ஒரு நடை

வேங்கிக்கால் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னதைக் கேட்டதும் நான் காதில் ஓடிய பாட்டை நிறுத்திவிட்டேன்.

“செத்தவங்க கல்வீட்டு ஓட்டையில கைய விட்டா ஜில்லுனு இருக்குமே, அது வேணும்டி எனக்கு.”

தோழி சிரித்தாள். “ஆயிரக்கணக்கான வருஷத்துச் சமாதிக்கா இப்படி ஏங்குற? கல்யாணத்துக்கு முன்னாடி வாராவாரம் நடந்தோமே, இப்பவும் வாயேன்.”

“மாமியார் விடமாட்டாங்க. நடக்கணும்னா கிரிவலம் போம்மான்றாங்க.”

“அப்ப கிரிவலம்னே சொல்லிட்டுக் கிளம்பு. வழியில அடி அண்ணாமலை கோயில்கிட்ட நிக்கிறேன், அங்கருந்து ஆட்டோ புடிச்சுப் போயி காட்டுக்குள்ள நடக்கலாம்.”

“கிரிவலத்துக்கு வெறுங்கால்லதானே கிளம்பணும்? அந்தக் காடு பூரா முள்ளு.”

“செருப்பு நான் எடுத்துனு வரேன்.”

அவள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கும்போதுதான் மெதுவாகச் சொன்னாள்:

“என் காலுக்கு ஏழாம் நம்பர்டி.”