ஒரு சொட்டு அப்பா

இரவு பதினொன்றே கால். தரமணியில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போகும் உள்சாலை. தெருவிளக்கு இரண்டில் ஒன்று எரியாது. மழை விட்ட நேரம், நாய்கூடக் குரைக்கவில்லை... என் நண்பன் மகேஷ் பைக்கில் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறான். அங்கே வேலை பார்க்கும் அவன் அக்கா சிந்து போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அப்பா இங்க இருக்காருடா."

அப்பா நல்லசிவம் இறந்து பதினொரு மாதம்.

சிரிக்காதீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். அந்த மொட்டைமாடிக் கதவை மட்டும் யாராவது சாத்துங்கள்.

ரத்த அணுக்களைத் தொடாமலே நகர்த்துவதுதான் சிந்துவின் ஆராய்ச்சி. கண்ணாடித் தகட்டில் முடியைவிட மெல்லிய இரண்டு தங்கக் கம்பிகள், நடுவே ஒரு சொட்டு. மின்சாரம் கொடுத்தால் உயிருள்ள அணுக்கள் கம்பிப் பக்கம் ஒதுங்கும். செத்தவை நடுவிலேயே கிடக்கும். அங்கே ஒரு வழக்கம். புதிதாகச் சேர்பவர்கள் வீட்டு ஆட்களிடம் ரத்தம் வாங்கித்தான் கை பழகுவார்கள். ஒரு வாரத்தில் கொட்டிவிட வேண்டும். அப்பா கொடுத்ததை அவள் கொட்டவில்லை. குழாயில் வேறு பெயர் ஒட்டிக் குளிர்பெட்டியின் மூலையில் ஒளித்து வைத்திருந்தாள். அசட்டுத்தனம்தான். ஆனால் யாருக்கு மனசு வரும், சொல்லுங்கள்?

அன்றிரவு இருப்புக் கொள்ளாமல் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஒரு வருஷத்துக்கு மேலான ரத்தம், எல்லாம் செத்திருக்க வேண்டும். அத்தனையும் கம்பிப் பக்கம் ஓடின. பயந்துபோய் மின்சாரத்தை நிறுத்தினாள். அணுக்கள் நிற்கவில்லை. அவள் உட்கார்ந்திருந்த பக்கமாக நகர்ந்தன... நாற்காலியை மாற்றிப் போட்டாள். அவையும் திரும்பின.

மகேஷ் அங்கே பறந்தடித்துக்கொண்டு போனதற்கு வேறு காரணம் உண்டு. தி.நகரில் அப்பாவின் ஜவுளிக்கடையில் உட்கார மாட்டேன் என்று அவரிடம் சண்டை போட்டு வெளியேறியவன் அவன். மூன்று வருஷம் பேச்சு கிடையாது. ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோதும் நாளைக்குப் போகலாம் என்று இருந்துவிட்டான். மறுநாள் விடிவதற்குள் அவர் போய்விட்டார். அப்பா தன்னை மன்னித்தாரா... அது ஒன்றுதான் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

உள்ளே ஸ்பிரிட் வாடை. குளிர்பெட்டியின் உறுமல். நுண்ணோக்கித் திரையில் சாம்பல் நிறப் பொட்டுகளாக அந்த அணுக்கள்.

"கையைக் கிட்ட கொண்டு போ," என்றாள் சிந்து.

தகட்டுக்குப் பக்கத்தில் விரலை நீட்டினான். பொட்டுகள் அப்படியே நின்றன. பிறகு மெதுவாக... அத்தனையும் எதிர் ஓரத்துக்குப் போய் ஒட்டிக்கொண்டன. மேசையைச் சுற்றி மறுபக்கம் வந்தான். மறுபடியும் விலகின.

"பாத்தியா? இன்னும் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டுத்தான் இருக்காரு," என்று சொல்லிவிட்டு, அழுகையை அடக்க முடியாமல் படியிறங்கினான்.

மத்திய கைலாஷ் சிக்னலில் சிந்துவின் அழைப்பு.

"ஏலே, நீ இப்ப எந்தப் பக்கம் போற?"

"இடப்பக்கம் திரும்புறேன். ஏன்க்கா?"

சிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"நீ வாசலைத் தாண்டினதுலேருந்து எல்லாம் நீ போற பக்கமா வந்து முட்டிக்கிட்டே இருக்கு. இப்ப நீ திரும்புன... அதுவும் திரும்புது."

போனை வைக்காமலே போய்க் கோட்டூர்புரம் பாலத்தில் பைக்கை நிறுத்தினான். கீழே ஆற்றின் சேற்று நாற்றம். யாருமில்லாத சாலையைப் பார்த்து வாய்விட்டே சொன்னான்.

"வாங்கப்பா... வீட்டுக்குப் போலாம்."

போனில் நாற்காலி விழும் சத்தம்.

"டேய்... தகட்டுல ஒண்ணுமே இல்லடா. வெறும் தண்ணிதான் இருக்கு."

அவ்வளவுதான் மகேஷ் என்னிடம் சொன்னது. அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை, அக்காவும் சொல்லவில்லை.

போன மாதம் திருவல்லிக்கேணியில் ஒரு முகாமில் ரத்தம் கொடுக்க நானும் அவனும் போனோம். அவன் ரத்தத்தைச் சோதித்த பெண் முகம் சுளித்தாள். இன்னொரு தடவை குத்தி எடுத்தாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"சார், ரெண்டு குரூப் கலந்து காட்டுது... சமீபத்துல உங்களுக்கு யார் ரத்தமாவது ஏத்தினாங்களா?"