வெள்ளைத் துண்டு கட்டிய இரண்டு பேர்

ஓடுகிறோம். முதல் கல் தகரக் கூரையில் விழுகிறது. டங். அடுத்தது என் முதுகில். சத்தமே இல்லை. வலி மட்டும்.

"மாமே, குனி! தலய மறச்சிக்கோ!" தாஸ் கத்துகிறான்.

செவ்வாய்க்கிழமை. மதியம் இரண்டரை. திருமழிசை தொழிற்பேட்டை. எங்கள் இரும்பு வார்ப்பு ஆலையின் கேட் கண்ணெதிரே இருக்கிறது. திரும்பிப் பார்த்தேன். வலப்பக்கம் மஞ்சள் கொடிப் பந்தல். அது என் சங்கம். இடப்பக்கம் நீலக்கொடி. அது தாஸின் சங்கம். இரண்டு பக்கத்திலிருந்தும் கல் வருகிறது. எங்கள் இருவர் மேல்தான்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். மறந்துவிடக் கூடாது.

ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்கச் சொல்லி ஒன்றாகத்தான் வேலைநிறுத்தம் தொடங்கினோம். பேச்சுவார்த்தையில் யார் தலைமையில் உட்காருவது என்று தலைவர்கள் முறுக்கிக்கொண்டார்கள். ஒரு பந்தல் இரண்டானது.

உலைக்கு வேலைநிறுத்தம் கிடையாது. அடியில் எப்போதும் கொஞ்சம் இரும்பு உருகி நிற்கும். ஆறவிட்டால் உள்பூச்சு வெடித்துவிடும். நாளைக்கு நாமே வேலை செய்யவேண்டிய உலை. அதனால் எந்தப் போராட்டத்திலும், ஷிப்டுக்குச் சங்கத்துக்கு ஒருவர் உள்ளே போய் அதைச் சூடாக வைத்திருப்போம். போகிறவர் கையில் தன் சங்கத்துத் துணியைக் கட்டிக்கொள்வார். கருங்காலி என்று யாரும் நினைக்கக் கூடாது. எங்கள் வழக்கம் அது.

சண்டைக்குப் பிறகு மஞ்சள் துணியைப் பார்த்தால் நீலப் பந்தல் வழிமறித்தது. நீலத்தை எங்கள் பந்தல் மறித்தது. தாஸ்தான் சொன்னான். "கலரே வாணாம் மாமே. ரெண்டு பேரும் வெள்ளத் துண்டு கட்டிக்கலாம்." காலையிலேயே இரண்டு சங்கச் செயலாளர்களிடமும் போய்ச் சொன்னோம். இருவரும் தலையாட்டினார்கள். எனக்கு மனசு லேசானது. வெள்ளை எல்லோருக்கும் பொது என்று நம்பினோம். என்ன முட்டாள்தனம்.

பந்தலில் பாதிப்பேர் அம்பத்தூர், ஆவடிப் பக்கமிருந்து ஆதரவுக்கு வந்தவர்கள். எங்கள் முகம் தெரியாது. எந்தச் சங்கத் துணியும் இல்லாதவன் அவர்களுக்கு நிர்வாகத்தின் ஆள். சொல்லி வைத்திருக்கவேண்டியவர்கள் சொல்லவில்லை.

மைக் கரகரக்கிறது. "கருங்காலிங்க உள்ள போறானுங்க! உடாதீங்க!"

அந்தக் குரல் எனக்குத் தெரியும். என் செயலாளருடையது. எத்தனை வாயிற்கூட்டத்தில் அவருக்கு மைக் கட்டிக்கொடுத்திருக்கிறேன். எதிர்ப்பந்தல் முன்னால் விட்டுக்கொடுத்தவர் என்று பெயர் வாங்க அவருக்குப் பயம்.

தாஸ் நின்றான். திரும்பினான். துண்டு கட்டிய கையைத் தூக்கினான். "நாங்கடா! உலைக்குப் போறோம்டா!"

"நிக்காத தாஸு! ஓடு!"

நீலப் பந்தலிலிருந்து வந்த கல். அவன் சங்கத்துக் கல். ஈரத் துணியைக் கல்லில் அடித்தது போல ஒரு சத்தம். தாஸ் அப்படியே உட்கார்ந்துவிட்டான். துண்டை அவிழ்த்து அவன் கண்மேல் அழுத்தினேன். அது வெள்ளையாக இல்லை.

உலைக்கு யாரும் போகவில்லை. மாலை ஐந்து மணி சுமாருக்கு உள்ளே ஒரு வெடிப்புச் சத்தம். பிறகு இன்னொன்று. உலை வெடித்ததைக் காட்டியே நிர்வாகம் ஆலையை மூடியது. தலையாட்டியது நினைவில்லை என்று இரண்டு செயலாளர்களும் சொல்லிவிட்டார்கள்.

இப்போது முத்தாபுதுப்பேட்டையில் வீட்டோடு கிடக்கிறேன். ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. தெருவில் லாரி ஜல்லி கொட்டினால் எழுந்து ஓடுகிறேன்.

போன வாரம் தாஸைப் பார்க்கக் கொரட்டூர் போனேன். ஸ்டேஷன் வாசலில் இரண்டு பேனர். இரண்டிலும் தாஸின் படம். இரண்டிலும் 'எங்கள் போராளி.' ஒன்றில் அவன் கையில் மஞ்சள் துணி வரைந்திருந்தார்கள். மற்றதில் நீலம்.

அவனிடம் சொன்னேன். "பாத்தேன் மாமே," என்றான். "இன்னும் ஒரு கண்ணு கீதுல்ல."

இழந்ததைச் சொல்கிறேன். தாஸின் இடது கண். உலை. எல்லோருடைய வேலையும். நிரந்தரமாக்கக் கேட்டோமே, அந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள்தான் முதலில் போனார்கள். நான் சங்கத்தை இழந்தேன்.

செயலாளர்கள் இருவரும் நலம். கொடிக்கம்பங்களுக்கும் ஒரு கீறல் இல்லை.