மாமன் தூண்

— அந்தத் தூண்ல முதுகைத் தேச்சீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க.

— தேச்சனுங்க்கா. அதுக்கென்னங்க இப்ப? வேர்க்குரு. மொட்டை மாடில உங்க ஏசிப் பொட்டிகிட்ட சித்த நேரம் நின்னு பாருங்க, புதுச்சத்திரத்து வெயில் என்னன்னு தெரியும். எறங்கி வந்தேன், முதுகு பிச்சுப் புடுங்குச்சு, தூணு நின்னுச்சு, தேச்சேன்.

— மேலயும் கீழயுமா? பக்கவாட்டுலயா?

— அதையெல்லாம் யாருங்க கவனிச்சா? மேலயும் கீழயுமாத்தான் இருக்கும்.

— எத்தனை வாட்டி?

— அரிப்பு நிக்கற வரைக்கும்.

— போச்சு. அப்ப எல்லாம் முடிஞ்சு போச்சு.

— என்னங்க முடிஞ்சு போச்சு? தூணுல அழுக்கு ஒட்டியிருந்தா சொல்லுங்க, துணி போட்டுத் தொடச்சு உட்டர்றேன்.

— தூணுக்கு ஒண்ணும் ஆகலீங்க. உங்களுக்குத்தான் ஆயிருச்சு. இனிமே என்னை நீங்க அக்கான்னு கூப்புடப்படாது.

— பொறவு?

— தங்கச்சி. இல்லாட்டிக் கமலவேணின்னு பேர் சொல்லிக் கூப்புடுங்க. நான் உங்களை அண்ணான்னு கூப்புடுவேன்.

— ஏனுங், நீங்க என்னை விட எப்படியும் பத்து வயசு மூப்பு இருப்பீங்க. எடையில... வேண்டாம், எடையை உடுங்க.

— சும்மா சொல்லுங்கண்ணா. என்னை மாதிரிக் கரடிச்சிகிட்ட எடையைச் சொன்னா கோவம் வராது, சந்தோசப்படுவா. இப்பக் கேளுங்க, மதன் அண்ணா. கரடியார் ஊட்டுத் தூண்ல வெளியாளு ஒருத்தரு மேலயும் கீழயும் முதுகைத் தேச்சுட்டா, அந்த ஊட்டுப் பொம்பளைக்கு அவரு கூடப்பொறந்தவரு. அவ பெத்த புள்ளைக்குத் தாய்மாமன். அதுக்குப் பேரே மாமன் தூணு.

— நான் பள்ளிபாளையத்து ஏசி மெக்கானிக்குங்க.

— மெக்கானிக்கு தாய்மாமன் ஆகக் கூடாதுன்னு எங்க வழக்கத்துல ஒண்ணும் கெடையாது.

— கரடியார் ஊட்டுல வேலை பாக்கறது எனக்கு இதான் மொதத் தடவை. தூணுல ஒரு போர்டாச்சும் மாட்டியிருக்கலாமில்லீங்க.

— அரசமரத்துல சாமி இருக்குதுன்னு போர்டா மாட்டியிருக்கு? பாத்துத்தான் நடந்துக்கோணும்.

— சரி, தெரியாமப் பண்ணிட்டேன். இது என்ன வழக்கமுங்க, யாரு கொண்டு வந்தது?

— அதைச் சொல்லோணும்னா எங்க வம்சம் எங்கருந்து வந்துச்சுன்னு சொல்லோணும். உக்காருங்க. காப்பி குடிச்சுட்டே கேளுங்க. தேன் எவ்வளவு போட?

— ஒரு ஸ்பூன் போதுங்க.

— குழம்புக் கரண்டில ஒண்ணு போட்டிருக்கேன், குடிங்க. அந்தக் காலத்துல இந்தச் சீமைல மழையே இல்ல. நாமக்கல்லுப் பக்கம் ஒரு மேட்டுக் காட்டுல கெணறு வெட்டுனாங்க. வெட்டறாங்க, வெட்டறாங்க, தண்ணி இல்ல. பாறைதான். கடப்பாரையைப் போட்டுட்டு எல்லாரும் மேல ஏறலாம்னு பாத்தப்ப அடியில ஒரு சத்தம் கேட்டுச்சு.

— தண்ணியா?

— கொறட்டை.

— கொறட்டையா?

— பாறைக்குள்ள எங்க பெரியாத்தா தூங்கிட்டிருந்தா. கடப்பாரையால குத்தி எழுப்பி உட்டுட்டாங்க. அவதான் மொதக் கரடி. எந்திரிச்சு மேல வந்தா, ஒடம்பெல்லாம் மண்ணு. எங்களுக்கு மண்ணுக் கூட்டம்னு பேரு வந்ததே அதனாலதான். வயித்துல இருந்த மண்ணைத் தட்டுனா, தலையில இருந்ததைத் தட்டுனா. முதுகு நடுவுல மட்டும் கை எட்டல. எங்க கையைத்தான் பாருங்களேன், எவ்வளவு மடக்குனாலும் காது வரைக்குந்தான் வரும்.

— எனக்கும் எட்டாதுங்க. அதுக்குத்தானே தூணைத் தேடுனேன்.

— அப்பக் கெணறு வெட்டுன ஆளுகள்ல ஒருத்தன் பயப்படாம வந்து, அவ முதுகோட முதுகை வெச்சுத் தேச்சு உட்டான். பெரியாத்தா கண்ணுல தண்ணி தண்ணியா ஊத்துச்சாம். கெணத்துல வராத தண்ணி அங்கதான் வந்துச்சுன்னு சொல்லுவாங்க. நமக்கு எட்டாத எடத்தை எவன் சொறிஞ்சு உடறானோ அவன்தான் கூடப்பொறந்தவன்னு அன்னிக்குச் சொன்னவ அவ.

— ஆவ்... யாரு புள்ள அது? ஏசி ஓடுதா?

— எந்திரிச்சுட்டாரு. அண்ணா, இவருதான் என்ற ஊட்டுக்காரரு சென்னிமலை. மேட்டூர்க்காரரு. பகல்ல தூங்குவாரு, ராத்திரிலயும் தூங்குவாரு. ஏனுங்க, இவரு மதன் அண்ணன். நம்ம தூண்ல முதுகைத் தேச்சுட்டாரு.

— தேச்சாத் தேச்சுட்டுப் போறாரு. நானுந்தான் தெனமும் தேய்க்கறேன்.

— நீங்க ஊட்டு ஆளு. இவரு வெளியாளு. நம்ம பெரியாத்தா கெணத்துக்குள்ள இருந்து வந்த கதையைத்தான் சொல்லிட்டிருக்கேன்.

— கெணத்துக்குள்ள இருந்தா? நாமெல்லாம் ஆத்துல வந்தவங்க இல்ல? காவேரில வெள்ளம் போனப்ப ஒரு கெளுத்தி மீனைத் தொரத்திட்டே நீஞ்சி வந்தோம். அது மேட்டூர்ல ஒதுங்குச்சு, நாமளும் ஒதுங்குனோம். மீனு கெடைக்கல. கெடைச்சிருந்தா ஈரோட்டுப் பக்கம் போயிருப்போம்னு எங்கய்யன் சொல்லுவாரு.

— அது உங்க ஆத்துக் கூட்டத்துக் கதைங்க. நான் எங்க கூட்டத்துக் கதையைச் சொல்றேன்.

— கொல்லிமலைத் தேன் கூட்டத்துக்காரங்க, வானத்துல பெரிய தேனடை ஒண்ணு இருந்துச்சு, அதுலருந்து ஒழுகுனவங்க நாங்கன்னு சொல்றாங்க. என்னமோ. அதைக்கூடக் கேட்டிருக்கேன். இந்தக் கெணத்துக் கதையை இன்னிக்குத்தான் கேக்கறேன் புள்ள.

— முழிச்சிருந்தாத்தானே கேப்பீங்க?

— அதுவும் சரிதான்.

— அக்கா... தங்கச்சி... ஏனுங்க, மூணு கூட்டத்துக்கு மூணு கதைன்னா இதுல எதுங்க நெசம்?

— மூணும் நெசந்தான். எல்லாரும் ஒரே பக்கமா வரோணும்னு என்ன இருக்கு? உங்க சனத்துல மட்டும் என்ன வாழுதாம்? எந்த ஊர்லருந்து வந்தீங்கன்னு கேட்டா ஊட்டுக்கு ஒரு ஊரு சொல்றீங்க.

— கமலா, அது கேபிள் ஒயரு கட்டறதுக்கு நான் போன வருசம் நட்ட தூணுதானே?

— நட்டது நீங்க. மரம் எங்கப்பன் தோட்டத்து மரம். காப்பியைக் குடிங்க நீங்க.

— சரிங்க, அப்படியே இருக்கட்டும். தாய்மாமன்னா நான் என்ன பண்ணோணும்?

— பெருசா ஒண்ணுமில்லீங்கண்ணா. வர்ற ஞாயித்துக்கெழமை எங்க பையன் யோகேசுக்குக் காதுகுத்து. உங்க மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும்.

— யோகேசுக்கா? அவனுக்கு...

— அவனுக்குத்தாங்க. உங்களுக்கா குத்தப் போறோம்? நீங்க வாயத் தொறக்காதீங்க.

— பையன் எவ்வளவு இருப்பானுங்க?

— கொழந்தைங்க. அறுவது கிலோதான். உள்ள தூங்கறான், தூக்கிப் பாக்கறீங்களா?

— வேண்டாங்க, தூங்கட்டும். ஊசி குத்துனா அழுவானா?

— அழுவ மாட்டான். கடிப்பான். காது எங்க இருக்குதுன்னு முடிக்குள்ள தேடறதுக்கே ஆசாரிக்கு நேரம் ஆவும், அது வரைக்கும் நீங்க அசையாம இருந்தாப் போதும். பொறவு பந்தி முடிஞ்சதும் வந்த சனத்துக்கெல்லாம் மாமன் முதுகு சொறிஞ்சு உடோணும். மேட்டூர்லருந்தே ரெண்டு பஸ்ஸு வருது.

— எங்கூர்லருந்து ரெண்டு பஸ்ஸா? எனக்கே யாரும் சொல்லலையே.

— அப்புறம் கத்திரி. வடக்க இருக்கற கரடியார் பனிக்குப் படுத்துத் தூங்குவாங்க. சேலம் நாமக்கல்லுல பனிக்கு எங்க போறது? அதனால நாங்க கத்திரி வெயிலுக்குப் படுப்போம். அது முடியற வரைக்கும் மாமன்தான் வாசல்ல காவல். 

— வாசல்லயா? கத்திரிலயா?

— தண்ணிக் கொடம் வெச்சுட்டுத்தான் படுப்போம்.

— போன கத்திரில நீ தெனமும் ராசிபுரத்துக்குத் தையல் கிளாசு போனியே புள்ள.

— தூக்கத்துலயே போனேன். சும்மா இருங்கன்னு சொன்னேனில்ல.

— ஏனுங், நான் கும்புட்டுக் கேக்கறேன். அறுவது கிலோவை மடியில வெச்சா நான் அடுத்த நாள் ஏணி ஏற முடியாது. ரெண்டு பஸ்ஸு முதுகு சொறிய எனக்கு நகமும் இல்ல. இதுக்கு ஏதாச்சும் பரிகாரம் இருக்குமில்லீங்க? தூணைக் கழுவிப் பொட்டு வெக்கறது, அந்த மாதிரி?

— ஒரே ஒரு வழிதான் இருக்கு. உங்களுக்குன்னு ரத்தச் சொந்தத்துல ஒரு தங்கச்சி இருந்து, அவ புள்ளைக்கும் அதே நாளு மடி குடுக்க வேண்டியிருந்தா, தூணு உங்களை உட்டுரும். ஒரு மடில ஒரு புள்ளைதான் உக்கார முடியும். ஆனா உங்களுக்கு அப்படி எங்க அமையப் போகுது?

— அதே நாளாத்தான் இருக்கோணுங்களா?

— அதே நாளுதான். ஏன் கேக்கறீங்கண்ணா?

— இருக்குதுங்க.

— என்ன இருக்கு?

— தங்கச்சி. உஷாராணி. ராசிபுரத்துல கட்டிக் குடுத்திருக்கு. அவ பாப்பாவுக்கும் வர்ற ஞாயித்துக்கெழமைதான் காதுகுத்து.

— அப்பத் தப்பிச்சீங்க போங்க.

— எங்கீங்க தப்பிச்சேன்? நான்தான் போறதில்லைன்னு சொல்லிட்டேனே.

— ஏனுங்?

— என்ற மச்சான் வேலுசாமி பத்திரிகை அடிச்சாரு. தாய்மாமன்னு போட்ட எடத்துல யாரு பேருன்னு நெனைக்கறீங்க? எங்க பெரியப்பன் மவன் பேரு. அவன் போர் போடற ரிக்கு வண்டி வெச்சிருக்கான், கார்ல வருவான். கூடப்பொறந்த அண்ணன் நான், டிவிஎஸ்ல வாரேன், அதனால என்ற பேரே இல்ல. கேட்டா, அடியில 'சுற்றமும் நட்பும்'னு ஒரு வரி போட்டிருக்கே மாப்ள, அதுக்குள்ள நீயும் இருக்கறேங்கறாரு.

— அதுல நீங்க சுற்றமா, நட்பா?

— அதைத்தானுங்க நானும் கேட்டேன். அவரு சிரிச்சாரு. என்ற தங்கச்சி நடக்கப் பழகறதுக்கு முன்னாடியே அவளை முதுகுல தூக்கிட்டுப் பள்ளிபாளையம் பூராவும் சுத்துனவன் நான். காய்ச்சல்னா என்ற முதுகுலதான் தூங்குவா. எறக்கி உட்டா முழிச்சுக்குவா. அப்படி வளத்தவனுக்கு ஒரு வரி எடம் இல்லையா?

— தங்கச்சி ஒண்ணும் சொல்லலீங்களா?

— தெனமும் போன் பண்றா. நான் எடுக்கறதில்ல.

— எனக்கு ஒண்ணு புரியல மாப்ள.

— சொல்லுங்க மாமா.

— பத்திரிகை அடிச்சது உங்க மச்சான்.

— ஆமாங்க.

— ஞாயித்துக்கெழமை உங்க மடியில வந்து உக்காரப் போறது அவரா?

— அவரு எதுக்குங்க உக்காரோணும்? பாப்பா.

— அப்பப் பாப்பா மேல என்ன கோவம்? என்னமோ. எனக்குத் தூக்கக் கலக்கம், தப்பாக் கேட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.

— தப்பாக் கேக்கலீங்க.

— அண்ணா, காப்பி ஆறிப் போச்சு. வேற கொண்டு வரட்டுங்களா?

— வேண்டாங்க. அந்த டூல் பேக்கைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க. ஒண்ணு காட்டறேன். ஸ்குரூடிரைவருக்குக் கீழ இருக்கும் பாருங்க, சின்ன டப்பா.

— தோடுங்களா?

— பாப்பா பொறந்தன்னிக்கே சேலத்துக்குப் போயி வாங்குனது. அன்னிலருந்து இதுக்குள்ளயேதான் கெடக்குது. போறதில்லைன்னு முடிவு பண்ணுன பொறவும் எடுத்து வெளிய வெக்க மனசு வரலீங்க.

— எவ்வளவு சின்னதா இருக்கு, பாரு கமலா. நம்ம காதுல போட்டா முடிக்குள்ள காணாமப் போயிரும்.

— இது நம்ம காதுக்கு வாங்குனதில்லீங்க. அண்ணா, தூணு கேக்குது. மடி யாருக்கு?

— தூணு எங்கீங்க கேக்குது? நீங்கதான் கேக்கறீங்க. போறனுங்க. ரெண்டு பஸ்ஸு முதுகு எங்க, என்ற பாப்பா எங்க.

— ஞாயித்துக்கெழமை விடியக் கருக்கல்லயே போயிருங்க.

— அது வரைக்கும் எதுக்கு? இப்பவே கெளம்பறேன். பந்தலுக்கு லைட்டு கட்ட ஆளு வேண்டாமா? அந்த வேலுசாமிக்கு ஒரு பல்பு மாட்டத் தெரியாது. பத்திரிகை அடிக்கத் தெரியாதவருக்கு ஒயரிங்கு மட்டும் தெரிஞ்சுருமா?

— அப்படிச் சொல்லுங்க.

— தூணு உட்டுருச்சுங்களா?

— உட்டுருச்சு. நல்லபடியாப் போயிட்டு வாங்கண்ணா.

— உட்டுருச்சுங்கறீங்க, இன்னும் அண்ணாங்கறீங்களே.

— வாய்க்குப் பழகிப் போச்சு. ஹெல்மெட்டை மறந்துட்டுப் போறீங்க பாருங்க.

— வாரேனுங்க. மாமா, வாரேன்.

— போயிட்டு வாங்க மாப்ள.

— ரோட்டைப் பாத்து ஓட்டுங்க.

— வண்டி பைபாஸ் ஏறிருச்சு புள்ள. இப்ப நான் வாயத் தொறக்கலாமா?

— தொறங்க.

— நம்ம யோகேசுக்குக் காது குத்தித்தான் ரெண்டு வருசம் ஆச்சே. உன்ற தம்பி மடியில வெச்சுத்தானே குத்துனோம்? அவன் கடி வாங்கிட்டு ஊசி போட்டுட்டு வந்தானே.

— ஆமா.

— அப்பக் கெணத்துக்குள்ள கொறட்டை?

— அது காப்பி போடப் போனப்ப நெனச்சது.

— அவரு தூண்ல முதுகைத் தேய்க்காமப் போயிருந்தா என்ன பண்ணியிருப்ப?

— காப்பி டம்ளரைத் தொட்டதுக்கு ஒரு கதை வெச்சிருந்தேன். சித்த சும்மா இருங்க, போன் பண்ணோணும்.

— யாருக்கு?

— அலோ, உஷாராணியா? ஆமா சாமி, நான்தான், தையல் கிளாசுக் கமலவேணி. அழுவறதை நிறுத்திட்டுப் போயி வாசல்ல நில்லு, உங்கண்ணன் வந்துட்டிருக்காரு.